தீயணைப்பு உத்திகள் பற்றி மூத்தவர்கள் சொல்வதை எடைபோடுவது எப்படி?

தீயணைப்பு நிலையத்தில் புதிதாகப் பணியில் சேர்ந்தவர் முதல் சில மாதங்களிலேயே ஒன்றுக்கொன்று முரணான அறிவுரைகளைக் கேட்கத் தொடங்கிவிடுகிறார். ஜன்னல் வழியாக வெளியிலிருந்து தண்ணீர் அடித்தால் தீ உள்ளே இருப்பவர்கள் மீது பாயும், ஆகவே நேராக உள்ளே போய்விட வேண்டும் என்பார் ஒருவர். வெளியிலிருந்தே முதலில் தண்ணீர் அடித்துச் சூட்டைத் தணித்துவிட்டுத்தான் உள்ளே கால் வைக்க வேண்டும் என்பார் மற்றொருவர். ஜன்னல்களை உடைத்துப் புகையை வெளியேற்று என்று ஒரு குரலும், கதவை மூடு, காற்றை விடாதே என்று இன்னொரு குரலும் ஒரே ஷிப்டில் கேட்கும். இருவருமே பல ஆண்டுகள் களம் கண்டவர்கள்; இருவருமே தாங்கள் சொன்ன முறையில் தீயை அணைத்துக் காட்டியவர்கள். இந்நிலையில் புதியவர் யார் குரல் உரத்து ஒலிக்கிறதோ அவர் பக்கம் சாய்ந்துவிடுகிறார், அல்லது யாருடைய சொல்லையும் நம்பாமல் பயிற்சிக் கையேட்டை மட்டும் பிடித்துக்கொள்கிறார். இரண்டுமே ஆபத்தானவை.

இந்தக் கருத்துகளை எடைபோட ஒரு வழி இருக்கிறது. ஒவ்வொரு கருத்தும் ஏதோ ஒரு கட்டடத்தில், ஏதோ ஒரு வகைப் பொருள் எரிந்தபோது, குறிப்பிட்ட எண்ணிக்கையிலான ஆட்களோடும் குறிப்பிட்ட அளவு தண்ணீரோடும் பிறந்தது. அந்தச் சூழலைத் தெரிந்துகொள்ளும்வரை அந்தக் கருத்து சரியா தவறா என்று சொல்லவே முடியாது. ஆகவே மூத்தவர் ஒருவர் உத்தி ஒன்றைச் சொல்லும்போது மறுத்துப் பேசாமலும் உடனே தலையாட்டாமலும், அது எந்த மாதிரிக் கட்டடம், உள்ளே என்ன எரிந்தது, வண்டியில் எத்தனை பேர் வந்தீர்கள், முதல் தண்ணீர் எப்போது விழுந்தது, நீங்கள் போய்ச் சேர்ந்தபோது கதவும் ஜன்னலும் திறந்திருந்தனவா என்று கேளுங்கள். அனுபவசாலிகளுக்கு இப்படிக் கேட்பவர்களைப் பிடிக்கும். இந்தக் கேள்விகளுக்கு விடையாக அவர்கள் சொல்வது, அவர்கள் முதலில் சொன்ன விதியைவிடப் பெரும்பாலும் மதிப்பு மிக்கதாக இருக்கும்.

ஒரு முறை இடம் மாறியபோது நடந்தது

சூழலைக் கழற்றிவிட்டு உத்தியை மட்டும் எடுத்துக்கொண்டால் என்ன ஆகும் என்பதற்குத் தீயணைப்பு வரலாற்றிலேயே நல்ல சான்று உண்டு. இரண்டாம் உலகப் போரின்போது அமெரிக்கக் கடலோரக் காவல் படையின் தீயணைப்புப் பயிற்சியில் ஈடுபட்டிருந்த லாயிட் லேமன், எண்ணெய் பற்றி எரியும் கப்பல் இயந்திர அறைகளில் நீர்த்திவலையைப் பயன்படுத்தும் முறையை வளர்த்தெடுத்தார். மூடப்பட்ட அறைக்குள் சிறு துவாரம் வழியாக வெளியிலிருந்து நுண்துளிகளைச் செலுத்தினால், அவை சூட்டை உறிஞ்சி நீராவியாக மாறி அறை முழுவதையும் நிரப்பித் தீயை அடக்கும். ஒரு லிட்டர் தண்ணீர் 100 டிகிரி செல்சியஸில் நீராவியாகும்போது ஏறத்தாழ 1,700 லிட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது என்பதால், மூடிய இடத்தில் இது மிக வலுவான ஆயுதமாக இருந்தது. 1950-இல் அவர் இந்த முறையைத் தீயணைப்புப் பயிற்சியாளர்கள் முன் எடுத்துவைத்தார். அதன்பின் அது நகரத் தீயணைப்பு நிலையங்களுக்கும் வேகமாகப் பரவியது.

பரவிய வழியில் இரண்டு நிபந்தனைகள் உதிர்ந்துபோயின: இடம் மூடியிருக்க வேண்டும், தண்ணீர் செலுத்துபவர் வெளியே இருக்க வேண்டும். திவலை நாசிலை (ஹோஸின் நுனியில் பொருத்தி, தண்ணீரை நுண்துளிகளாகச் சிதறவைக்கும் முனையை) கையில் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் போனவர்கள், தாங்கள் உருவாக்கிய நீராவியில் தாங்களே வெந்தார்கள். இன்றும் திவலைத் தாரையின் பெயரைக் கேட்டாலே முகம் சுளிக்கும் மூத்தவர்கள் இருப்பதற்கும், அதையே தலைசிறந்த முறையென்று சொல்பவர்கள் இருப்பதற்கும் இதுதான் காரணம். ஒருவர் நிபந்தனைகளோடு பயன்படுத்தியவரிடம் கற்றார். மற்றவர் நிபந்தனைகள் இல்லாமல் பயன்படுத்தி நொந்தவரிடம் கற்றார்.

உள்ளே போவதா, வெளியிலிருந்து அடிப்பதா

நிலையங்களில் அதிகம் விவாதிக்கப்படுவது இதுதான் என்பதால் இதைச் சற்று விரிவாகப் பார்ப்பது நல்லது. வெளியிலிருந்து அடித்தால் தீ உள்ளே தள்ளப்படும் என்ற நம்பிக்கை வெறும் கற்பனையில் தோன்றியதன்று. அகன்ற திவலைத் தாரை ஒன்று தன்னோடு பெருமளவு காற்றை இழுத்துச் செல்கிறது. எரியும் அறையின் ஜன்னல் முழுவதையும் அடைக்கும்படி அதைச் செலுத்தினால், அந்த ஜன்னல் வழியாக வெளியேறிக்கொண்டிருந்த சூடான வாயுக்களுக்குப் போக்கிடம் இல்லாமல் போகிறது. அவை கூடத்தையும் படிக்கட்டையும் நோக்கித் திரும்புகின்றன. அந்தப் படிக்கட்டில் நின்றவர் அனுபவித்த சூடு உண்மையானது.

ஆனால் 2012-இல் நியூயார்க்கின் கவர்னர்ஸ் தீவில், இடிப்பதற்காக ஒதுக்கப்பட்டிருந்த வீடுகளில் தீ மூட்டி நடத்தப்பட்ட சோதனைகள் இந்தப் படத்தின் இன்னொரு பகுதியைக் காட்டின. நியூயார்க் நகரத் தீயணைப்புத் துறை, அமெரிக்கத் தர மற்றும் தொழில்நுட்ப நிறுவனமான நிஸ்ட், யு.எல். ஆய்வுக்கூடம் ஆகிய மூன்றும் சேர்ந்து நடத்திய அந்தச் சோதனைகளில், வெளியிலிருந்து சரியான முறையில் செலுத்தப்பட்ட தண்ணீர் தீயை வீட்டுக்குள் தள்ளவில்லை. மாறாக, அடுத்த அறைகளிலும் வெப்பம் குறைந்தது. இங்கே "சரியான முறை" என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது. சிதறாமல் ஒரே கோடாகப் பாயும் நேர்த்தாரையாக இருக்க வேண்டும். ஜன்னலுக்கு அருகில் நின்று செங்குத்தான கோணத்தில் கூரையை நோக்கி அடிக்க வேண்டும், அப்போதுதான் தண்ணீர் கூரையில் மோதிச் சிதறி அறை முழுவதும் பரவும். நாசிலைச் சுழற்றாமலும் ஆட்டாமலும் அசையாமல் பிடிக்க வேண்டும், ஏனெனில் ஆட்டத் தொடங்கிய உடனே நேர்த்தாரையும் காற்றை இழுக்கத் தொடங்கி, ஜன்னலின் போக்கிடத்தை அடைத்துவிடுகிறது. ஒரே நாசில், ஒரே அழுத்தம், ஒரே ஜன்னல். மணிக்கட்டின் அசைவு ஒன்றால் மட்டுமே விளைவு தலைகீழாகிவிடும்.

ஆகவே ஒரு மூத்தவர் தீ உள்ளே பாய்ந்ததைக் கண்ணால் பார்த்தேன் என்றால் அவரை மறுக்காதீர்கள். எந்தத் தாரை, எந்தக் கோணம், நாசில் அசைந்ததா, அதே நேரத்தில் வேறு யாராவது ஒரு கதவைத் திறந்தார்களா என்று கேளுங்கள். கடைசிக் கேள்வி முக்கியமானது. வெளியே ஒருவர் தண்ணீர் அடிக்கத் தொடங்கும் அதே நிமிடத்தில்தான் இன்னொருவர் முன்கதவைத் திறப்பது வழக்கம். சூடு உயர்ந்ததற்குக் கதவு காரணமாக இருக்க, பழி தண்ணீரின் மேல் விழுந்திருக்கலாம்.

இதற்கு எதிர்ப்பக்கத்திலும் ஒரு தவறு இருக்கிறது. வெளியிலிருந்து அடிப்பது தீயை அணைப்பதாகாது. அது சில நிமிட அவகாசத்தை வாங்கித் தருகிறது, அவ்வளவுதான். தண்ணீர் விழாத மூலையில் தணல் இருக்கும், அடுத்த அறையில் மனிதர் இருக்கலாம். அந்த அவகாசத்துக்குள் அணி உள்ளே நுழைந்து தீயின் அடிப்பகுதியைத் தொடவில்லையென்றால் எரிதல் மீண்டும் பழைய நிலைக்கு வந்துவிடும். எரியும் அறையை வெளியிலிருந்து எட்ட முடிந்தால் உடனே அடிக்கலாம், எட்ட முடியாவிட்டால் தேடிச் சுற்றிவந்து நேரத்தை வீணாக்காமல் உள்ளே போகலாம் என்பதே நான் பின்பற்றச் சொல்லும் முறை. எரியும் அறை கட்டடத்தின் பின்புறம் இருக்கிறது, முன்கதவிலிருந்து சில அடிகளில் தீயை எட்டிவிடலாம் என்ற நிலையில், நீளமான ஹோஸைப் பின்பக்கம் இழுத்துச் செல்வதை எந்தச் சோதனை முடிவும் நியாயப்படுத்தாது.

கதவும் காற்றும்

ஒரு கிலோ ஆக்சிஜனைத் தீ உட்கொள்ளும்போது, எரிவது மரமானாலும் பிளாஸ்டிக்கானாலும், ஏறத்தாழ 13 மெகாஜூல் வெப்பம் வெளிப்படுகிறது. இன்றைய வீடுகளில் எரிபொருளுக்குப் பஞ்சமில்லை. பாலியூரித்தேன் நுரை அடைத்த சோபாவும் மெத்தையும் செயற்கை இழைத் திரைகளும் தேவைக்கு மேலேயே இருக்கின்றன. எனவே தீயின் வலிமையைத் தீர்மானிப்பது பெரும்பாலும் அதற்குக் கிடைக்கும் காற்றுதான். பழைய காலத்து மரச்சாமான்களும் பஞ்சு மெத்தையும் இருந்த அறைகளையும் இன்றைய பொருட்கள் இருந்த அறைகளையும் அருகருகே எரித்துப் பார்த்த யு.எல். சோதனைகளில், இன்றைய அறைகள் 5 நிமிடங்களுக்குள் ஃபிளாஷ்ஓவரை எட்டின; பழைய அறைகளுக்கு ஏறத்தாழ அரை மணி நேரம் பிடித்தது. அறையிலுள்ள எல்லாமே ஒரே நேரத்தில் பற்றிக்கொள்ளும் அந்தக் கட்டத்தில் கூரையருகே வெப்பம் 600 டிகிரி செல்சியஸை ஒட்டியிருக்கும். முழுக் கவச உடையில் இருப்பவருக்குக்கூட உயிர் தப்பச் சில நொடிகளே கிடைக்கும்.

"போனவுடன் ஜன்னலை உடை, புகை போகட்டும்" என்ற அறிவுரை பழைய அறைகளில் பிறந்தது. அங்கே தீ காற்றுக்காகக் காத்திருக்கவில்லை, மெதுவாக வளர்ந்துகொண்டிருந்தது. அந்த நிலையில் புகையை வெளியேற்றியவர்கள் நன்றாகப் பார்த்தார்கள், சீக்கிரம் அணைத்தார்கள். இன்றோ அணி போய்ச் சேரும் முன்பே அறையிலுள்ள ஆக்சிஜன் தீர்ந்து, தீ அடங்கியதுபோல் தோற்றம் காட்டிக்கொண்டிருக்கலாம். அப்போது திறக்கப்படும் ஒரு கதவே அதற்கு உயிர் கொடுத்துவிடும். காற்றோட்டம் வேண்டாம் என்பது இதன் பொருளன்று. தண்ணீர் தீயைத் தொட்ட பிறகு, அல்லது தொடும் அதே நேரத்தில், களப் பொறுப்பாளர் சொன்ன இடத்தில் மட்டும் திறக்க வேண்டும் என்பதே இதன் பொருள்.

இதை வாசலில் நின்று கண்ணால் பார்த்துக் கற்கலாம். கதவைத் திறந்தவுடன் உள்ளே பாயாமல் பக்கவாட்டில் மண்டியிட்டுச் சில நொடிகள் பாருங்கள். கதவின் மேல்பாதியில் புகை வெளியே வரும். கீழ்ப்பாதியில் காற்று உள்ளே இழுபடும். டார்ச்சைத் தரையோடு ஒட்டிப் பிடித்தால் அந்த இழுப்பில் தூசியும் மெல்லிய புகையும் உள்ளே போவது தெரியும். புகைக்கும் காற்றுக்கும் இடையே ஒரு கோடு இருக்கும். அந்தக் கோடு உயர்ந்தால் நிலைமை தேறுகிறது; அது கீழே இறங்கி, புகை வெளிவரும் வேகம் கூடி, சீராக வந்த புகை கொந்தளித்துச் சுருண்டு வரத் தொடங்கினால், நீங்கள் திறந்த கதவு தீக்கு உணவூட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். புகையின் நிறத்தை மட்டும் வைத்து முடிவு செய்யாதீர்கள். அளவு, வேகம், அடர்த்தி, நிறம் ஆகிய நான்கையும் சேர்த்துப் பார்க்க வேண்டும், அவற்றுள் வேகமே பெரும்பாலும் முதலில் உண்மையைச் சொல்லும். அணி உள்ளே சென்ற பின் ஒருவர் வாசலிலேயே நின்று, ஹோஸ் போகும் அளவுக்கு மட்டும் இடைவெளி விட்டுக் கதவைச் சாத்திப் பிடித்துக்கொள்ள வேண்டும். இந்த வேலையைச் சிறுமையாக நினைப்பவர்கள் உண்டு. உள்ளே இருப்பவர்களின் உயிர் அந்தக் கையில்தான் இருக்கிறது.

நாசில் பற்றிய சண்டை

நேர்த்தாரை மட்டும் தரும் மென்துளை நாசிலா, திவலை நாசிலா என்ற விவாதத்துக்கு அதன் தகுதிக்கு மீறிய நேரம் செலவாகிறது. மென்துளை நாசில் ஏறத்தாழ 3.5 பார் அழுத்தத்தில் வேலை செய்வதால் அதே அளவு தண்ணீருக்குக் கையில் பின்னுதைப்பு குறைவு, தாரை தூரம் போகும். பொதுவான திவலை நாசிலுக்கு 7 பார் வேண்டும், ஆனால் தாரையின் வடிவத்தை மாற்றிக்கொள்ளலாம். 1980-களில் சுவீடனில் உருவான முறையில், கூரையடியில் தேங்கிய சூடான வாயுப் படலத்துக்குள் சிறு சிறு துடிப்புகளாகத் துளிகளைச் செலுத்துவார்கள். துளிகள் வாயுவுக்குள்ளேயே ஆவியானால், வாயு குளிர்ந்து சுருங்கும் அளவு நீராவி விரியும் அளவைவிட அதிகமாக இருக்கும், ஆகவே சூடு கீழே இறங்காது. அதே துளிகள் சூடான சுவரில் பட்டு ஆவியானால் நீராவி மட்டுமே பெருகி எல்லோரையும் சுடும். சிறிய அறைகளில் இது நுட்பமான, பயனுள்ள முறை. பெரிய கூடத்தில், கிடங்கில், கூரை உயர்ந்த கடையில் இந்தச் சிறு துடிப்புகளால் எதுவும் ஆகாது. அங்கே நிமிடத்துக்கு எத்தனை லிட்டர் தண்ணீர் தீயின் அடியில் விழுகிறது என்பதே கணக்கு.

எந்த நாசிலாக இருந்தாலும் படிக்கட்டுத் திருப்பத்தில் ஹோஸ் மடங்கிக் கிடந்தால் பயனில்லை. நாசில் பிடிப்பவரின் இடத்துக்குப் போட்டி போடுபவர்கள் பலர். திருப்பத்தில் நின்று, மடிப்பை நீக்கி, முன்னேறும் வேகத்துக்கேற்ப ஹோஸை ஊட்டும் இடத்துக்கு யாரும் போட்டி போடுவதில்லை. நன்றாக வேலை செய்யும் அணியை அடையாளம் காண வேண்டுமானால் இரண்டாம் ஆள் எங்கே நிற்கிறார் என்று பாருங்கள். நாசில் பிடிப்பவரின் முதுகில் ஒட்டிக்கொண்டு நிற்காமல், ஹோஸ் சிக்கும் இடத்தில் அவர் நிற்பார்.

ஆட்களின் எண்ணிக்கையைக் கணக்கில் எடுங்கள்

பிற நிலையங்களிலிருந்து வரும் உத்திகளில் பெரும்பாலும் சொல்லப்படாமல் விடுபடுவது ஆட்களின் எண்ணிக்கை. நிஸ்ட் 2010-இல் வெளியிட்ட ஆய்வில், சாதாரண வீட்டுத் தீயில் செய்ய வேண்டிய 22 வேலைகளை நான்கு பேர் கொண்ட அணிகள் இரண்டு பேர் கொண்ட அணிகளைவிட ஏறத்தாழ 30 சதவீதம் விரைவாக முடித்தன. தேடுவதும் தண்ணீர் அடிப்பதும் காற்றோட்டம் தருவதும் ஒரே நேரத்தில் நடக்க வேண்டும் என்று சொல்பவர், அந்த மூன்றையும் ஒரே நேரத்தில் செய்யும் ஆள்பலம் இருந்த இடத்திலிருந்து பேசுகிறார். மூன்று பேருடன் போகும் அணிக்கு அவை ஒன்றன்பின் ஒன்றாக நடக்கும் வேலைகள், ஆகவே எது முதலில் என்ற கேள்வி அவர்களுக்கு வாழ்வா சாவா என்ற கேள்வி. என் முடிவு இது: ஒரே ஒரு வேலையைத்தான் முதலில் செய்ய முடியும், யார் எங்கே சிக்கியிருக்கிறார் என்பது தெரியாது என்றால், தண்ணீர் முதலில். தீ அடங்கினால் உள்ளே இருக்கும் ஒவ்வொருவருக்கும் நேரம் கிடைக்கிறது. குறிப்பிட்ட ஜன்னலுக்குப் பின்னால் மனிதர் இருப்பது உறுதியாகத் தெரிந்தால், அந்த ஜன்னல் வழியாக நுழைந்து, முதல் வேலையாக அறைக் கதவைச் சாத்தி, பின் தேடுவது சரியான விதிவிலக்கு.

கட்டுமானமும் அப்படியே. தரையைக் கருவியால் தட்டிப் பார்த்து உறுதி செய்துகொண்டு முன்னேறு என்ற அறிவுரை கனமான மர விட்டங்களின் காலத்தில் நன்றாகப் பயன்பட்டது. கீழே பாதுகாப்புக் கூரை இல்லாத நிலையில் நடந்த யு.எல். சோதனைகளில் பழைய மர விட்டத் தரை ஏறத்தாழ 18 நிமிடம் தாங்கியது. தொழிற்சாலையில் தயாரித்த மெல்லிய மர விட்டங்களால் ஆன தரை ஏறத்தாழ 6 நிமிடத்தில் விழுந்தது. அத்தகைய தரை விழுவதற்குச் சற்று முன்வரைகூட உறுதியாகவே ஒலிக்கக்கூடும்.

காற்றுக் கணக்கு

இந்த ஒரு விஷயத்தில் மட்டும் கருத்து வேறுபாட்டுக்கு இடம் தராதீர்கள். மூச்சுக் கருவியின் 6.8 லிட்டர் சிலிண்டர் 300 பார் அழுத்தத்தில் ஏறத்தாழ 2,000 லிட்டர் காற்றைக் கொள்ளும். நிமிடத்துக்கு 40 லிட்டர் என்று தாளில் கணக்கிட்டால் 50 நிமிடம் வரும். ஹோஸை இழுத்துக்கொண்டு படியேறும்போது ஒருவர் அதைப் போல இரு மடங்கு இழுப்பார். 50 நிமிடம் 25 ஆகிவிடும். காற்று குறைந்ததும் கருவியில் தானாக எழும் எச்சரிக்கை விசில் ஒலிக்கும்போது திரும்பத் தொடங்கலாம் என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள். விசில் ஒலிக்கும்போது வெளியே நின்றிருக்க வேண்டும். 280 பாரில் நுழைந்து, வேலை செய்யும் இடத்தை அடைந்தபோது அழுத்தமானி 220 காட்டினால், வரும் வழிக்கு 60 செலவாகியிருக்கிறது. திரும்பும் வழிக்கும் அதே 60 வேண்டும், விசில் அளவான ஏறத்தாழ 60 தொடப்படாமல் இருக்க வேண்டும். ஆக, 120-ஐ எட்டும் முன்பே முதுகைத் திருப்ப வேண்டும். அணியில் யாருடைய மானி மிகக் குறைவாக இருக்கிறதோ அவருடைய எண்ணே எல்லோருடைய எண்ணும்.

பெரிய கட்டடங்களில் இந்த எல்லை இன்னும் முன்னால் வரும். 1999 டிசம்பர் 3 அன்று அமெரிக்காவின் வொர்செஸ்டர் நகரில், பெரும்பாலும் ஜன்னல்களே இல்லாத பழைய குளிர்பதனக் கிடங்கு எரிந்தது. உள்ளே தங்கியிருந்தவர்களைத் தேடிச் சென்ற இருவர் புகையில் வழி தவறினர். அவர்களைத் தேடிச் சென்ற நால்வரும் திரும்பவில்லை. தேடப்பட்டவர்கள் முன்பே வெளியேறியிருந்தார்கள். மேலும் உள்ளே செல்லத் துடித்த வீரர்களைப் படிக்கட்டு வாசலில் நின்று தடுத்து நிறுத்தினார் களப் பொறுப்பில் இருந்த மைக்கேல் மெக்னமீ. துணிச்சலைப் பற்றி நிலையத்தில் பேச்சு எழும்போதெல்லாம் அந்த வாசலில் நின்றவரையும் சேர்த்துப் பேச வேண்டும் என்பது என் வேண்டுகோள். சகோதரர்கள் உள்ளே இருக்கும்போது அடுத்தவரை அனுப்ப மறுப்பதற்கு, உள்ளே போவதற்கு வேண்டியதைவிட அதிக மனவலிமை வேண்டும்.

சிக்கிக்கொண்டால் அறிவிக்கத் தயங்காதீர்கள். ரேடியோவில் "மேடே" என்ற ஆபத்து அழைப்பை மூன்று முறை சொல்லி, இருக்கும் இடம், அணி, பெயர், செய்துகொண்டிருந்த வேலையும் மீதமுள்ள காற்றும், தேவைப்படும் உதவி ஆகியவற்றை அந்த வரிசையிலேயே சொல்லப் பழகுங்கள். இன்னும் கொஞ்சம் முயன்று பார்க்கலாம் என்ற வெட்கத்தில் கழியும் இரண்டு நிமிடங்கள் மீட்பு அணியிடமிருந்து பறித்துக்கொண்ட நிமிடங்கள்.

கரி படிந்த தலைக்கவசம்

நிலையத்து வாழ்க்கை பற்றிய கருத்துகளுக்கும் இதே அளவுகோலைப் பயன்படுத்துங்கள். கரி படிந்த தலைக்கவசமும் புகை நாறும் சட்டையும் அனுபவத்தின் அடையாளம் என்று ஒரு தலைமுறை நம்பியது. சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 2022-இல் தீயணைப்பு வீரராகப் பணிபுரிவதையே மனிதருக்குப் புற்றுநோய் உண்டாக்கும் காரணிகளின் முதல் பிரிவில் சேர்த்தது. அந்தக் கரியில் இருப்பவை தோல் வழியாகவும் உடலுக்குள் போகும். தோல் சூடாகவும் வியர்வையில் நனைந்தும் இருக்கும்போது அது இன்னும் எளிதாகும். ஆகவே களத்தை விட்டுக் கிளம்பும் முன்பே, மூச்சுக் கருவியைக் கழற்றாமல் நின்று, உடையைச் சோப்புத் தண்ணீரும் தூரிகையும் கொண்டு ஒருவருக்கொருவர் கழுவிவிட வேண்டும். உலர்ந்த தூரிகையால் தட்டிவிடுவது போதாது. கழுத்து, தாடை, காதுகளின் பின்புறம், மணிக்கட்டு ஆகியவற்றை அங்கேயே துடைக்க வேண்டும். உடையை வண்டியின் ஆட்கள் அமரும் பகுதியில் ஏற்றாமல் பையில் கட்டித் தனியே கொண்டுவர வேண்டும். நிலையம் சேர்ந்தவுடன் தேநீருக்கு முன் குளியல். தீ அணைந்தபின் தணலைக் கிளறும் வேலையில் முகக்கவசத்தைக் கழற்றும் பழக்கம் இன்னும் பல இடங்களில் இருக்கிறது. கண்ணுக்குப் புகை தெரியாத அந்த நேரத்திலும் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் காற்றில் இருக்கும்.

இதயத்தைப் பற்றி மூத்தவர்கள் அதிகம் பேசுவதில்லை, ஆனால் பேச வேண்டும். அமெரிக்கத் தீயணைப்பு வீரர்களின் பணிநேர மரணங்களை ஆராய்ந்து 2007-இல் வெளியான ஆய்வில், தீயை அணைக்கும் வேலை அவர்களுடைய பணி நேரத்தில் 1 முதல் 5 சதவீதமே என்றாலும், மாரடைப்பு உள்ளிட்ட இதய நோய் மரணங்களில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு அந்த நேரத்தில் நிகழ்ந்தது தெரியவந்தது. தூக்கத்திலிருந்து மணியோசையில் எழுந்து, சில நிமிடங்களில் முழுக் கவசத்துடன் படியேறும் உடலுக்கு, பளு தூக்கும் பயிற்சியோடு மூச்சுத் திறனைக் கூட்டும் பயிற்சியும் வேண்டும். ஆண்டுதோறும் ரத்த அழுத்தமும் கொழுப்பும் பரிசோதிக்கப்பட வேண்டும். இரவு முழுவதும் அழைப்புகளில் ஓடியவர் காலையில் உடனே வண்டியோட்டி வீட்டுக்குக் கிளம்பாமல் நிலையத்திலேயே அரை மணி நேரம் கண்ணயர்ந்துவிட்டுப் போவது நல்லது.

மனத்தைப் பற்றியும் இரண்டு கருத்துகள் உலவுகின்றன: எதையும் பேசாதே, மறந்துவிடு என்பது ஒன்று, எல்லோரும் ஒன்றாக உட்கார்ந்து பேசியே தீர வேண்டும் என்பது மற்றொன்று. கொடிய சம்பவம் முடிந்தவுடன் ஒரே அமர்வில் எல்லோரையும் கட்டாயமாகப் பேசவைப்பது பின்னாளைய பாதிப்பைத் தடுப்பதாக நிறுவப்படவில்லை. உலக சுகாதார நிறுவனமும் அதைப் பரிந்துரைப்பதில்லை. விரும்புபவர் பேசட்டும், விரும்பாதவர் பாத்திரம் கழுவட்டும். ஆனால் அடுத்த சில வாரங்களில் தூக்கம் கெட்டவர், சட்டென்று எரிந்து விழுபவர், குழந்தை தொடர்பான அழைப்பென்றால் ஒதுங்குபவர் யார் என்பதைச் சக வீரர்கள் கவனித்து, தனியே அழைத்துக் கேட்டு, தேவையென்றால் மருத்துவரிடம் உடன் செல்ல வேண்டும்.

கேட்பதற்கும் சொல்வதற்கும் உரிய நேரம்

களத்தில் விவாதம் கூடாது. ஆனால் ஆபத்தைக் கண்டால் பதவி பார்க்காமல் சொல்ல வேண்டும். "இந்த முறை தவறு" என்று சொல்வது விவாதம். "இடப்பக்கச் சுவரில் விரிசல் விழுந்திருக்கிறது", "புகைக்கோடு இறங்குகிறது", "என் மானி 130" என்று கண்டதை மட்டும் சொல்வது தகவல். எந்த அணித்தலைவரும் அதைத் தட்டிக்கழிக்க மாட்டார். உத்தி பற்றிய சந்தேகங்களை நிலையத்துக்குத் திரும்பியபின் வைத்துக்கொள்ளுங்கள்.

அந்தக் கலந்துரையாடலை அன்றே, உடை கழுவி உணவு முடிந்தவுடன் நடத்துவது நல்லது. மூத்தவர் முதலில் பேசினால் மற்றவர்கள் தாம் கண்டதை அவர் சொன்னதற்கேற்பத் திருத்திக்கொள்வார்கள், ஆகவே பணியில் மிக இளையவர் முதலிலும் அணித்தலைவர் கடைசியிலும் பேச வேண்டும். ஒவ்வொருவரும் எங்கே நின்றேன், என்ன கண்டேன், என்ன நடக்கும் என்று எதிர்பார்த்தேன், என்ன நடந்தது என்ற நான்கை மட்டும் சொன்னால் போதும். புதியவர் ஒரு நோட்டில் கட்டடத்தின் வகை, காற்று வீசிய திசை, வந்த ஆட்கள், திறந்திருந்த கதவுகள், முதல் தண்ணீர் விழுந்த நேரம், அதன்பின் புகையில் கண்ட மாற்றம் ஆகியவற்றை எழுதி வைத்துக்கொள்ளட்டும். அடுத்த முறை யாராவது உத்தி ஒன்றைச் சொல்லும்போது, அந்தப் பக்கங்களில் எந்தத் தீக்கு அது பொருந்தியிருக்கும், எதற்குப் பொருந்தியிருக்காது என்று தேடிப் பார்த்துவிட்டு, அந்தப் பக்கத்தைச் சொன்னவரிடமே காட்டிக் கேட்கலாம்.